ஏழு பேர் போதுமா, 243 புதிர்களும் வேண்டுமா? ‘ஆர்க்கம் நைட்’ விளையாட்டை ஆடி முடிக்கும் வழிகள்

ஹாலோவீன் இரவு. ரோந்துக் காவலர் ஒருவர் வழக்கமாகச் செல்லும் உணவகத்துக்குள் நுழைகிறார். ஒரு மேசையில் யாரோ புகைபிடித்துக்கொண்டிருப்பதாகப் பரிமாறும் பெண்மணி அவரிடம் முறையிடுகிறார். காவலர் எழுந்து சென்று விசாரிப்பதற்குள் நச்சுப் புகை அறையை நிறைத்துவிடுகிறது; ஒரு நிமிடத்துக்கு முன்புவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களின் முகங்கள் பேய் முகங்களாகத் திரிந்து நம்மை நோக்கி வருகின்றன. நம்மை நோக்கி என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காவலரின் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். அவர் கையிலிருக்கும் துப்பாக்கியின் விசையும் நம் விரலடியில்தான் இருக்கிறது.

‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ விளையாட்டின் ஆரம்ப நிமிடங்கள் இவை. லண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் 2014 மார்ச்சில் இதை அறிவித்தபோது அந்த ஆண்டுக்குள் கைக்கு வந்துவிடும் என்றே ரசிகர்கள் நம்பினார்கள். வெளியீடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. 2015 ஜூன் 2 என்று ஒரு தேதி குறிக்கப்பட்டு, அதுவும் மூன்று வாரம் நகர்ந்து, கடைசியில் ஜூன் 23 அன்று வெளிவந்தது. அன்றைக்குக் காத்திருந்தவர்களின் கேள்வி எப்போது வரும் என்பது மட்டுமே. இன்றைக்கு இந்த விளையாட்டைத் தொடங்குகிறவருக்கு, பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கிக் கிடப்பில் போட்டு வைத்தவராகத்தான் அவர் இருப்பார், வேறொரு கேள்வி எழுகிறது: இதை எதுவரை ஆடுவது? மையக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூடிவிடலாம். நகரில் திரியும் வில்லன்களில் பாதிப் பேரைப் பிடித்து, விளையாட்டு தரும் முதல் முடிவைப் பார்த்துவிட்டு நிறுத்தலாம். அல்லது புதிர் போடும் வில்லனான ரிட்லர் ஒளித்து வைத்திருக்கும் 243 புதிர்களையும் தீர்த்து முழு முடிவைப் பெறலாம். மூன்று வழிகளுக்கும் செலவாகும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. கிடைக்கும் இன்பத்தின் வேறுபாடு அந்த அளவுக்கு இல்லை என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், தொடங்கும்போதே முடிவு செய்யவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, எந்தக் கருவியில் ஆடுவது என்பது. 2015இல் இதற்கு விடை சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கணினிப் பதிப்பு வெளியான மறுநாளே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நொடிக்கு 30 ஃபிரேமுக்கு (படச்சட்டத்துக்கு) மேல் போகாத பூட்டும் இடையிடையே ஏற்படும் திணறலும் சேர்ந்து, விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களையும் தவிக்கவிட்டன. அக்டோபர் 28 அன்றுதான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) வைத்திருந்தவர்கள் அந்த நான்கு மாதமும் நிம்மதியாக ஆடினார்கள். இன்று நிலைமை தலைகீழ். பிஎஸ்5இல் போட்டாலும் பழைய பிஎஸ்4 பதிப்பே ஓடுகிறது, 30 ஃபிரேமைத் தாண்டுவதில்லை. திருத்தப்பட்ட கணினிப் பதிப்போ இன்றைய நடுத்தரக் கணினியிலேயே 60 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு போகிறது. 2023 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பதிப்பை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அந்தச் சிறு கருவிக்கு இவ்வளவு பெரிய நகரம் தாங்கவில்லை. காரை வேகமாக ஓட்டும்போது அது நன்றாகவே தெரிகிறது.

இரண்டாவது, முந்தைய பாகங்களை ஆடிவிட்டு வரவேண்டுமா என்பது. 2009இல் ‘ஆர்க்கம் அசைலம்’, 2011இல் ‘ஆர்க்கம் சிட்டி’ ஆகிய இரண்டையும் ராக்ஸ்டெடியே உருவாக்கியது. 2013இல் வந்த ‘ஆர்க்கம் ஆரிஜின்ஸ்’ மான்ட்ரியலில் உள்ள வேறொரு குழுவின் படைப்பு. மூன்றையும் முடித்துவிட்டுத்தான் இதைத் தொடவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யப் போய் மூன்றாவதிலேயே அலுத்துப்போய் நான்காவதைத் திறக்காதவர்களையும் அறிவேன். ‘ஆர்க்கம் சிட்டி’ ஒன்றை மட்டும் கட்டாயம் முடித்துவிட்டு வாருங்கள். அதன் கடைசிக் காட்சி என்னவென்பதை ‘ஆர்க்கம் நைட்’ தன் முதல் காட்சியிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. உணவகத்துக்கும் முன்பாக வரும் அந்தக் காட்சியில், தகன அறையில் கிடக்கும் ஓர் உடலுக்கு நாமே பட்டனை அழுத்தித் தீ மூட்டவேண்டும். அது யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். தெரிந்து அழுத்துகிறவருக்கும் தெரியாமல் அழுத்துகிறவருக்கும் அந்த ஒரு நொடி ஒன்றாக இருக்காது. பின்னால் வரும் முழுக் கதையும் அந்த உடலைச் சுற்றியே சுழல்கிறது. ‘அசைலம்’ அடக்கமான, அழகான விளையாட்டு, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ‘ஆரிஜின்ஸ்’ பிறகு பார்த்துக்கொள்ளலாம்; பேட்மேனுக்கு அதில் குரல் கொடுத்தவரும் வேறு. மற்ற மூன்றிலும் கேட்கும் குரல் 2022இல் மறைந்த கெவின் கான்ராயுடையது, அந்தக் குரலுக்காகவே திரும்ப ஆடுகிறவர்கள் உண்டு.

இனி மையக் கேள்விக்கு வருகிறேன். முதல் வழியான நேர்க்கோட்டுப் பாதையில் செல்பவர், அச்சமூட்டும் நச்சைக் கையாளும் வில்லன் ஸ்கேர்குரோவின் மிரட்டலால் மக்கள் வெளியேறி, குண்டர்களும் கூலிப்படையும் மட்டும் நிறைந்த கோத்தம் நகரில் கதை காட்டும் இடத்துக்கெல்லாம் சென்று பதினைந்து முதல் பதினெட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு இது மூன்று வாரக் கணக்கு. கதை ஒரே இரவில் நடப்பதால், இடையில் வேறெதையும் தொடாமல் ஓடும்போது அந்த இரவின் அவசரம் குறையாமல் நிற்கிறது என்பது இந்த வழியின் பெரிய பலம். நச்சை முகர்ந்துவிட்ட பேட்மேனின் புத்தி மெல்லப் பேதலிப்பதை விளையாட்டு காட்டும் விதமும் இந்த ஓட்டத்தில்தான் முழுமையாக உறைக்கிறது. ஒரு சிலையைக் கடந்து சென்று, எதற்கோ கேமராவைத் திருப்பினால், சற்றுமுன் பார்த்த சிலைக்கு இப்போது வேறு முகம் இருக்கும். மாறும் தருணத்தைப் பார்க்கவே முடியாது. பார்வையைத் திருப்பியது நம் கட்டைவிரல்தான் என்பதால், பார்த்தது உண்மைதானா என்று நமக்கே ஐயம் வருகிறது. யாரோ ஆடுவதை வீடியோவில் பார்த்துக் கதையைத் தெரிந்துகொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தச் சிலைதான். அடுத்தவர் கேமராவைத் திருப்பும்போது அது வெறும் காட்சி மாற்றமாகிவிடும்.

ஆனால் நேர்க்கோட்டில் ஓடுகிறவருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஸ்கேர்குரோவின் கதை தீர்ந்த பிறகும் விளையாட்டு முடிவதில்லை. ‘நைட்ஃபால் புரோட்டோகால்’ என்ற இறுதி நடவடிக்கையைத் தொடங்கினால்தான் பேட்மேனுக்கு என்ன ஆனது என்பது தெரியும். அதற்குத் தேடப்படும் குற்றவாளிகள் பட்டியலில் உள்ள பதினான்கு துணைக் கதைகளில் ஏழையாவது முடித்திருக்கவேண்டும். ஒன்றுமே தொடாமல் ஓடி வந்தவர் கடைசி வாசலில் நின்றுகொண்டு, இனி ஏழு பேரைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்று அறியும்போது வரும் சலிப்பு சாதாரணமானதல்ல. உச்சக்காட்சி முடிந்துவிட்டது, பரபரப்பு அடங்கிவிட்டது, அதன் பிறகு வங்கிக் கொள்ளையைத் தடுக்கப் போவதற்குக் கால் எழாது.

மற்ற இழப்பு, பேட்மொபைலைப் பற்றியது. தொடரில் முதன்முறையாக ஓட்டக் கிடைத்த இந்தக் காரைத்தான் விளம்பரங்கள் முன்னிறுத்தின. வெளியான பிறகு அதிகம் திட்டு வாங்கியதும் இதே கார்தான். பிஎஸ்4 கன்ட்ரோலரில் ஆர்2 பட்டன் காரை முடுக்கும். மற்ற எல்லாக் கார் விளையாட்டுகளிலும் பழகிய விரல், வேகத்தைக் குறைக்க எல்2 பட்டனைத் தேடிப் போகும். இங்கே அதை அழுத்தினால் கார் நிற்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டிலும் நகரக்கூடிய பீரங்கியாக உருமாறி, வளைவில் திரும்பவேண்டிய நேரத்தில் குழாய் நீட்டிக்கொண்டு சுவரை வெறித்து நிற்கும். பிரேக் சதுர பட்டனில் இருக்கிறது. முதல் இரண்டு இரவுகள் நான் கோத்தமின் தெருவிளக்குகளில் பாதியைச் சாய்த்திருப்பேன். மையக் கதை இந்தப் பீரங்கியை நம் கையில் திரும்பத் திரும்பத் திணிக்கிறது. ஆளில்லா டாங்கிகள் சாரிசாரியாக வருகின்றன. அவற்றின் குண்டு வரும் கோடு திரையில் தெரியும், விலகவேண்டும், சுடவேண்டும், மறுபடி விலகவேண்டும். முதல் நான்கு தடவை நன்றாகத்தான் இருக்கும். கதையை மட்டும் ஆடுகிறவர் இந்த டாங்கிச் சண்டைகளின் விகிதத்தைத்தான் அதிகம் சுமக்கிறார். பேட்மேன் என்ற மனிதரை, அதாவது இருட்டில் கூரையிலிருந்து தொங்கிக் காத்திருக்கும், விரல் ரேகையிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்கும் அந்த மனிதரை, துணைக் கதைகளில்தான் அதிகம் சந்திக்க முடிகிறது.

இதனால்தான் நடு வழியை நான் மற்ற இரண்டையும் விட மேலாக வைக்கிறேன். ஆனால் எந்த ஏழு என்பதில்தான் அதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. பதினான்கில் பல, கூலிப்படையைத் துடைத்தெறியும் வேலைகள்: சாலைத் தடுப்புகள், காவல் கோபுரங்கள், நிலத்தடியில் பதித்த குண்டுகள், தப்பியோடும் கவச வண்டிகள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் கிடக்கும் இவற்றை ஒவ்வொன்றாக அணைப்பது, முற்றத்தில் உதிர்ந்த சருகு பெருக்குவது போன்றது. பெருக்கி முடித்தால் ஒரு நிறைவு வரும், ஆனால் எந்தச் சருகும் நினைவில் நிற்காது. குறிப்பாக, குண்டுகளைச் செயலிழக்கச் செய்வதென்றாலே டாங்கிகள் சுற்றி வளைக்கும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் பீரங்கியைத் தொடாமலே முடிக்கக்கூடிய ஏழு கதைகள் சரியாகக் கிடைக்கின்றன என்பதைக் கவனித்தபோதுதான் என் கணக்கு நேரானது.

அந்த ஏழில் முதலிடம் ‘பெர்ஃபெக்ட் க்ரைம்’ கதைக்கு. நகருக்கு மேலே மிதந்து செல்லும்போது எங்கிருந்தோ ஓபரா இசை மெலிதாகக் கேட்கும். வரைபடம் எதையும் காட்டாது. இசை வலுக்கும் திசையில் திரும்பி, குறையும்போது பின்வாங்கி, காதை மட்டும் நம்பித் தேடிப் போனால் ஓர் உடல் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக ஸ்கேன் செய்து அது யாருடைய உடல் என்று அறியவேண்டும். இப்படி ஆறு உடல்கள். இந்தத் தொடரில் பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்ற எம் தரச்சான்று முதன்முதலாக இந்தப் பாகத்துக்குத்தான் கிடைத்தது. இந்தக் கதையை ஆடிப்பார்த்தால் அந்தச் சான்றில் வியப்பிருக்காது. வீட்டில் சிறு பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் இதைத் தொடவேண்டாம்.

அடுத்து மேன்-பேட். இதற்கு நாமாகத் தேடிப்போக வழியே இல்லை. கொக்கியை எறிந்து ஏதோ ஒரு மாடியின் விளிம்பில் ஏறுவோம், ஆயிரம் தடவை ஏறியதுபோல. ஆயிரத்து ஓராவது தடவை, விளிம்புக்கு மேலே தலை நீட்டியதும் ஒரு ராட்சத வௌவாலின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அலறும். நான் கன்ட்ரோலரைக் கீழே போட்டேன். அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் அதை இன்றுவரை மறக்கவில்லை. அதன் பிறகு வெகுநேரம் ஒவ்வொரு விளிம்பிலும் கொஞ்சம் தயங்கித்தான் ஏறினேன். பயத்தால் எதிரிகளை ஆளும் வீரனைக் கையில் வைத்துக்கொண்டு நாமே பயப்படுவது, இந்த விளையாட்டு எழுதப்பட்ட நோக்கத்துக்கு மிகவும் நெருக்கமான அனுபவம் என்று தோன்றுகிறது.

டூ-ஃபேஸ் கொள்ளையிடும் மூன்று வங்கிகள், மறைந்திருந்து தாக்கும் முறையை விரும்புகிறவர்களுக்கு விருந்து. அபாய மணி அலறிக்கொண்டிருக்கும் வரை எதிரிகளின் காதில் எதுவும் விழாது. ஒருவனுக்குப் பின்னால் நின்று இன்னொருவனைத் தரையில் அறைந்தாலும் அவன் திரும்பமாட்டான். மணி நின்றதும் அந்தச் சலுகை போய்விடும். பெங்குயினின் ஆயுதக் கிடங்குகளில் பேட்மேனின் கூட்டாளி நைட்விங் துணைக்கு வருகிறார். சண்டையின் நடுவே ஒரே பட்டனில் பேட்மேனிடமிருந்து அவருக்கு மாறி, இருவரும் சேர்ந்து ஒருவனை வீழ்த்தும் நுட்பம் இந்தப் பாகத்துக்கே புதிது. பேட்மேனின் இடத்தை ஏற்க முன்வரும் அஸ்ரேலின் சோதனைகள் ஓர் அடிகூட வாங்காமல் சண்டையிடச் சொல்லும். கைக்கு எட்டிய பட்டன்களையெல்லாம் தட்டிப் பழகியவர்கள் இங்கே சில மாலைகளை இழக்கக்கூடும், ஆனால் சண்டையைத் தாளத்தோடு ஆடக் கற்றுத்தருவது இதுதான். ஹஷ், டீகன் பிளாக்ஃபயர் என்ற இரு வில்லன்களின் கதைகளும் மிகச் சிறியவை, ஆளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஹஷ்ஷின் கதை இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று முந்தைய பாகத்தை ஆடியவர்கள் வருந்துவார்கள். எண்ணிக்கைக்கு உதவுகிறது என்று நான் தேற்றிக்கொண்டேன். இவற்றில் ஏதாவது ஒன்று பிடிக்காவிட்டால் தீயணைப்பு வீரர்களைக் குண்டர்களிடமிருந்து மீட்கும் கதையை மாற்றாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் பெரும்பாலும் கைச்சண்டைதான்.

எப்போது ஆடுவது என்பதும் எதை ஆடுவது என்பதற்கு இணையாக முக்கியம். இந்த ஏழையும் உச்சக்காட்சிக்குப் பின் மொத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலே சொன்னதே போதும். அதே சமயம் கதையின் முதல் ஐந்து மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கவும் விளையாட்டு அனுமதிப்பதில்லை. நகரின் மூன்று தீவுகளும் படிப்படியாகத்தான் திறக்கின்றன, துணைக் கதைகளின் அடுத்த கட்டங்களும் மையக் கதை நகர நகரத்தான் வெளிப்படுகின்றன. ஒரு பெரிய மிஷன் முடிந்து, பேட்மேனின் பணியாளர் ஆல்ஃபிரெட் அடுத்த இடத்தைச் சொல்வதற்கும் நாம் அங்கே போவதற்கும் நடுவில் ஒரு துணைக் கதையின் ஒரு துண்டு என்று செருகிக்கொள்வது என் வழக்கமாயிற்று. பிடிபட்டவனைக் காரின் பின்புறம் ஏற்றிக் காவல் தலைமையகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவனை அறையில் அடைப்பார்கள்; அடுத்த தடவை வேறொருவனோடு போகும்போது, முன்பு அடைத்தவர்கள் கம்பிக்குப் பின்னாலிருந்து நம்மைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள். மெல்ல மெல்ல நிறையும் அந்த அறைகளை இடையிடையே போய்ப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. முந்தைய பாகங்களின் பொருள்கள் அடுக்கிய சான்று அறை ஒன்றும் அங்கே உண்டு, ‘ஆர்க்கம் சிட்டி’யை முடித்தவர்கள் அரை மணி நேரம் செலவிடலாம். இந்த நடு வழியில் எனக்கு மொத்தம் இருபத்தைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

மூன்றாவது வழிக்கு, அதாவது நூறு சதவீதத்துக்கு, நான் எதிரியல்ல. ஆனால் அதை யாருக்குப் பரிந்துரைப்பது என்பதில் கறாராக இருக்கிறேன். முழு முடிவுக்குப் பதினான்கு கதைகளும் தீரவேண்டும். ரிட்லரின் கதை தீர 243 புதிர்களும் தீரவேண்டும். ஒன்று குறைந்தாலும் அவரைப் பிடிக்க முடியாது. இவற்றில் சில உண்மையிலேயே நன்றாகச் செதுக்கப்பட்டவை: காரைத் தொலைவிலிருந்து இயக்கி ஒரு தளத்தை உயர்த்தி, அதில் தாமே ஏறி, மறுபுறம் மின்சாரத்தை வேறொரு கருவியால் பாய்ச்சி, கூண்டு திறக்கும் இரண்டு வினாடிக்குள் புதிரின் பரிசான கோப்பையைக் கவ்வவேண்டும். நகரத்துக்கு அடியில் ரிட்லர் கட்டியிருக்கும் பந்தயத் தடங்களில் கார் சுவரிலும் கூரையிலும் ஓடும். பேட்மொபைலை நான் முழு மனதோடு ரசித்த ஒரே இடம் அது. மீதிப் பெரும்பகுதி, ஏற்கெனவே கற்ற வித்தையை வேறொரு சந்தில் திரும்பச் செய்வது. பச்சையாக ஒளிரும் குண்டர்களை அடித்து மிரட்டினால் புதிர்களின் இருப்பிடம் வரைபடத்தில் விழும் என்பதால், கூட்டத்தில் அவர்களைக் கடைசிவரை விட்டுவைக்கவேண்டும் என்பதை மட்டும் எல்லா வழியினரும் நினைவில் வைக்கலாம்.

முழு முடிவு தரும் கூடுதல் காட்சி சில நிமிடங்களுக்கு மேல் இல்லை. நல்ல காட்சிதான், முதல் முடிவு விட்டுச்செல்லும் ஐயத்தைத் தீர்க்காமல், அதன் நிறத்தை மாற்றுகிறது என்று மட்டும் சொல்லலாம். அந்தச் சில நிமிடத்துக்கு விலை மேலும் இருபது மணி நேரத்துக்குக் குறையாது. வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு மாத மாலைகள். அந்த மாலைகளில் ‘ஆர்க்கம் சிட்டி’யை இன்னொரு முறை முழுதாக ஆடிவிடலாம். இல்லாவிட்டால் இதே விளையாட்டை இரண்டாம் முறை தொடங்கலாம், அதில் எதிரி தாக்கப் போகிறான் என்று தலைக்கு மேல் மின்னும் குறி வராது. அவனுடைய தோள் அசைவைப் பார்த்துத்தான் தடுக்கவேண்டும். நேரம் இருக்கும் இளைஞருக்கும், அலமாரியில் ஒரு கோப்பை குறைந்தாலும் தூக்கம் வராதவருக்கும் மட்டுமே மூன்றாம் வழி. முதல் முடிவைப் பார்த்த பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பின்னொரு நாள் முழு முடிவைப் பெற முடியும் என்பதால், நடு வழியில் செல்கிறவர் எந்தக் கதவையும் நிரந்தரமாகச் சாத்திவிடுவதில்லை.

என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடை விடுமுறையில் அந்த 243ஐயும் முடித்தான். பழைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்துக் கணக்கு வைத்திருந்தான். மூன்று தீவுகளுக்கும் மூன்று பத்திகள், முடித்தவற்றுக்கு மேல் குறுக்குக் கோடு. கடைசிப் புதிரைத் தீர்த்த அன்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான், நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முழு முடிவைப் பார்த்தேன். காட்சி முடிந்ததும், “ஒரு வேலையும் செய்யாம உக்காந்து பாத்துட்டீங்களே மாமா” என்றான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. என்னுடைய சேமிப்பில் ஏழு பேர் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார்கள். ரிட்லர் வெளியில்தான் இருக்கிறார், எப்போதாவது திறந்து நகருக்குள் இறங்கினால் என்னை மடையன் என்று திட்டுகிறார்.